பிளவுஸ் பிட்டும் நான்காவது கூம்பும்

கேள்வி: பிளவுஸ் பிட், ஃபால்ஸ் எது எடுத்தாலும் கடையில் "அதே கலர்தான் மேடம்" என்கிறார்கள், எனக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு என்று பள்ளிக் கண் பரிசோதனையில் சொன்னார்கள். பிறகு இணையத்தில் ஒரு டெஸ்ட் செய்து பார்த்தேன். எனக்கு நான்கு வகை நிறச் செல்கள் என்று வந்தது. உண்மையா? மகனுக்கு வந்தது என்னாலா? ஒன்பதாவது படிக்கும் மகளுக்கும் வருமா?
— வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: இணைய டெஸ்ட்டை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மொபைலோ கணினியோ, திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்துதான் எல்லா நிறத்தையும் காட்டுகிறது. நான்காவது வகைச் செல்லைச் சோதிக்க அது போதாது.

ஆனாலும் உங்கள் சந்தேகத்துக்கு முகாந்திரம் இருக்கிறது. உங்கள் மகன்தான் அது. விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. ஏறக்குறைய 560, 530, 420 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு அவை அதிகம் கிளர்கின்றன. முதல் இரண்டுக்கான, அதாவது சிவப்பு, பச்சை உணர்வுக்கான மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே சாயல். கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். சாயல் ஒன்றாக இருப்பதால் வரிசை ஓர் இடம் தள்ளிப் பொருந்திவிடுவதுண்டு. அப்போது ஒரு மரபணு விடுபடும், அல்லது பாதி இது பாதி அது என்று ஒட்டு மரபணு பிறக்கும். பையன்களுக்கு ஒரே எக்ஸ்தான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. ஆகவே இது உங்கள் வழியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் நீங்கள் சாப்பிட்டதோ கர்ப்பத்தில் போட்ட மாத்திரையோ காரணமில்லை. அந்த மாற்றம் தலைமுறைகளுக்கு முன்பே நடந்ததாகவும் இருக்கலாம். வீட்டில் யாராவது உங்களைக் குறை சொன்னால் இதைக் காட்டுங்கள்.

மகனுக்கு ஒரு மரபணு விடுபட்டிருந்தால் உங்களிடம் புதிய கூம்பு எதுவும் இருக்க வாய்ப்பில்லை. ஒட்டு மரபணு என்றால் இருக்கலாம்: பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடும், எனவே உங்கள் விழித்திரையில் சில கூம்புகள் ஒரு எக்ஸின்படியும் சில மற்றதன்படியும் அமைந்திருக்கும். டச்சு விஞ்ஞானி டி ஃப்ரீஸ் 1948-லேயே இப்படி ஊகித்தார். ஆனால் செல் இருப்பது வேறு, மூளை அதைத் தனி நிறமாகப் பிரிப்பது வேறு. நியூகாசிலில் கேப்ரியல் ஜோர்டன் குழுவினர் இத்தகைய 24 பெண்களைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒருவர்தான் உண்மையில் நான்காவது பரிமாணத்தில் நிறம் பிரித்தார். ஒட்டுக் கூம்பு பெரும்பாலும் பக்கத்துக் கூம்பிலிருந்து சில நானோமீட்டர்தான் விலகியிருக்கும். பெரிய வேறுபாடு தெரியாது.

பிளவுஸ் விஷயத்துக்கு நான்கு கூம்பு தேவையே இல்லை. வெவ்வேறு சாயமிட்ட இரண்டு துணிகள் கடையின் எல்இடி விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, வெளிச்சம் மாறியதும் பிரியும். மயில்கழுத்து போன்ற இரட்டை நிறப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். துணியைத் திருப்பினாலே நிறம் மாறும். இரண்டையும் ஒரே திசையில் மடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வாசலில் நேரடி வெயில் படாத நிழலில் பாருங்கள். அங்கே பக்கத்தில் நிற்பவருக்கும் வித்தியாசம் தெரிந்தால், உங்கள் கண் பழகிய கண். அதுவே பெரிய விஷயம்தான்.

இப்போது அவசரம் மகனுக்கு. எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் சோதனைப் படங்களான இஷிஹாரா தட்டுகளை மொபைலில் காட்டாதீர்கள். புத்தகத்தை 75 செ.மீ. தூரத்தில், பகல் வெளிச்சத்தில், தட்டுக்கு 3 விநாடி கொடுத்துக் காட்ட வேண்டும். மஞ்சள் பல்பும், விரல் பட்டு மங்கிய பழைய புத்தகமும் முடிவைக் கெடுக்கும். 38 தட்டுப் பதிப்பில் 22-ஆம் தட்டில் இருப்பது 26. சிவப்பு உணர்வு பாதித்தவருக்கு 6 மட்டும் தெரியும். பச்சை பாதித்தவருக்கு 2 மட்டும். விடுபட்டதா ஒட்டா என்பதைப் புத்தகம் உறுதியாகச் சொல்லாது. அதற்கு அனோமலோஸ்கோப் என்ற கருவி வேண்டும். மஞ்சள் ஒளிக்கு நிகராகச் சிவப்பையும் பச்சையையும் கலக்கச் சொல்லி, அவர் கலக்கும் விகிதத்தை அளப்பார்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் காட்டி, இந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

லோகோ பைலட், ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளுக்கு நிறப்பார்வை கட்டாயம். அந்தக் கனவு இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று 2020-இல் விதி திருத்தப்பட்டது. நிறக்கண்ணாடி வாங்க வேண்டாம்: அது சில ஒளியை வடிகட்டி வித்தியாசத்தைத் தூக்கிக் காட்டும், இல்லாத கூம்பைத் தராது. அறிவியல் பிரிவு என்றால் வேதியியல் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். பர்மாங்கனேட் டைட்ரேஷனில் கடைசிச் சொட்டின் வெளிர் இளஞ்சிவப்பு அவனுக்குத் தப்பிப்போகலாம். குடுவைக்கு அடியில் வெள்ளை டைலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வெறும் தண்ணீர்க் குடுவையும் வைத்துக்கொள்ளட்டும்.

மகளுக்கு உங்களிடமிருந்து அந்த எக்ஸ் வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவள் அப்பாவின் நிறப்பார்வை சரியாக இருந்தால் அவளுக்குக் குறைபாடு வராது. கடத்துபவளாக மட்டும் இருக்கலாம். ஆகவே உங்கள் கணவரும் ஒருமுறை இஷிஹாரா புத்தகத்தைப் பார்த்துவிடட்டும்.