தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்கும் ஒரே வண்டி: கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். 2022 மாடல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். இதுவரை ஓட்டியதெல்லாம் 150 சிசி வண்டி, அதுவும் ரோட்டில் மட்டும். நண்பருடன் ஒரு சனி, ஞாயிறு ஜவ்வாது மலைக்குப் போய் மண் பாதையிலும் ஓட்டிப் பார்க்க ஆசை. மண்ணைக் கவ்வும்படி கட்டை கட்டையாகப் பல் நீட்டிய பட்டன் டயர் மாற்ற வேண்டுமா? காற்று எவ்வளவு வைப்பது? மண்ணில் பிரேக் பிடித்தாலே வண்டி வழுக்குகிறதே, என்ன செய்வது?

பதில்: டயரை மாற்ற வேண்டாம். சென்னையிலிருந்து ஜவ்வாது மலை மேலுள்ள ஜமுனாமரத்தூர் போய் வர ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தார் ரோடு. மண்ணில் ஓடப்போவது முப்பது, நாற்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். பட்டன் டயர் நெடுஞ்சாலையில் இரையும், சீக்கிரம் தேயும், நனைந்த தார் ரோட்டு வளைவில் பிடிப்பும் குறைவு. வண்டியோடு வந்த டயரே காய்ந்த மண்ணுக்கும் சரளைக்கும் போதும். மிச்சமாகும் பணத்தில் கணுக்காலை மூடும் நல்ல ரைடிங் பூட்ஸ் வாங்குங்கள். மண்ணில் மெதுவாகப் போய் விழும்போது, 160 கிலோவை ஒட்டிய வண்டி பெரும்பாலும் காலின் மேல்தான் சாயும்.

இனி காற்று. நான் அதிகம் அக்கறைப்படுவது இதில்தான். நெடுஞ்சாலைக்கு கையேட்டில் உள்ள அளவை அப்படியே வையுங்கள். மண் பாதை தொடங்கும் இடத்தில் அதிலிருந்து 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். காற்று குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் படியும், சிறு கற்களைத் தானே விழுங்கிக்கொள்ளும், வண்டி துள்ளுவது குறையும். ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது ஸ்போக் ரிம், டியூப் டயர். கல் நிறைந்த பாதையில் 20-க்குக் கீழே போனால், கூரான கல்லில் இடிக்கும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், காற்றளவும் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அந்தச் சூட்டிலேயே 22-க்கு இறக்கினால், ஆறியபின் 18, 19-தான் மிஞ்சும். ஆகவே வண்டியை நிழலில் நிறுத்தி, சாப்பிட்டு முடித்து, அப்புறம் இறக்குங்கள்.

கையில் ஒரு காற்றளவு மானி, ஒரு சிறிய பம்ப், டயர் கழற்றும் லீவர்கள், 21 அங்குல டியூப் ஒன்று கட்டாயம் வேண்டும். மலையடிவாரத்துப் பஞ்சர் கடைகளில் முன் சக்கரத்துக்கான 21 அங்குல டியூப் கிடைப்பது அரிது. அவசரத்துக்கு அதையே பின்னாலுள்ள 18 அங்குல சக்கரத்திலும் மடித்து நுழைத்து ஊர் வந்து சேர்ந்துவிடலாம்.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். உங்கள் வண்டியில் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், மண்ணில் சற்று வழுக்கும். நேராக வழுக்கும்வரை அது ஆபத்தில்லை, அந்த உணர்வுக்குப் பழகிவிட வேண்டும். பயந்து முன் பிரேக்கை மொத்தமாக விட்டுவிடாதீர்கள். ஒற்றை விரலால், படிப்படியாக அழுத்தினால் மண்ணிலும் அது வேலை செய்யும். சரளை இறக்கத்தில் மட்டும் ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்க எதிர்பார்த்ததைவிட அதிக தூரம் எடுக்கும். அங்கே முதல் கியரில் போட்டு, கிளட்சைத் தொடாமல், இன்ஜின் இழுவையிலேயே இறங்குங்கள்.

மண்ணில் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஓட்டுங்கள். எடை பாதத்தில் இருக்கட்டும், முழங்கால் டேங்கை லேசாகக் கவ்வட்டும், ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடியுங்கள். முன் சக்கரம் சற்று அலையத்தான் செய்யும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். திரும்பும்போது தார் ரோட்டுப் பழக்கம் நேர் எதிராகும். அங்கே உடம்பும் வண்டியோடு சாயும். மண்ணில் வண்டியை மட்டும் சாய்த்து, உடம்பை நிமிர்த்தி, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை அழுத்த வேண்டும். போவதற்கு முன் ஏதாவது காலி மைதானத்தில் முதல் கியரில் எட்டு போட்டுப் பழகினாலே பாதி பயம் போய்விடும்.

பயணத்தை வகுக்கும்போது மண்ணை உடம்பு தெம்பாக இருக்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். சனிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பி, போளூரில் பெட்ரோல் நிரப்பி, மதியத்துக்குள் ஜமுனாமரத்தூர் சேர்ந்துவிடுங்கள். அன்று மாலை மண்ணில் இறங்க வேண்டாம், கை மரத்துப்போயிருக்கும். ஞாயிறு காலை பைகளை அறையிலேயே வைத்துவிட்டு, வெறும் வண்டியோடு மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். அதுவும் ஊர்களை இணைக்கும் பாதைகளில் மட்டும். காப்புக்காட்டுக்குள் பிரியும் தடங்களில் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். அங்கே வாழும் மலைவாழ் மக்களின் சாமை வயல் வரப்புகளும் நாம் விளையாடும் தடம் அல்ல. வீடுகளையும் மாடுகளையும் கண்டால் உட்கார்ந்து, வேகத்தைக் குறைத்துப் போங்கள். முந்தின இரவு மழை பெய்து செம்மண் குழைந்திருந்தால் திரும்பிவிடுங்கள். அந்தச் சேற்றில் எந்த டயரும் பெரிதாக உதவாது.

திரும்பும் முன் காற்றை மறுபடி கையேட்டு அளவுக்கு ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயர் சூடேறும், மலை வளைவில் வண்டி அலையும். இரண்டு சக்கரத்து ஸ்போக்குகளையும் ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்பது தளர்ந்திருக்கிறது. நண்பகலுக்குள் கிளம்பினால் இருட்டும் முன் வீடு சேரலாம். வீட்டில் செயினைக் கழுவி எண்ணெய் விட்டு, ஏர் ஃபில்டரையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அந்த மலைப் புழுதி மிக நுண்ணியது.