ஆஸ்பத்திரி அறைத் தரையிலிருந்து நோயாளிக்குக் கிருமி தொற்றாமல் எப்படித் தடுப்பது?

பினாயிலும் பாத்ரூம் ஆசிட்டும் வாங்கிப்போய் நாமே துடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்று நினைக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அங்கே ஹைப்போகுளோரைட் என்ற பிளீச்சிங் மருந்து போட்டுத் துடைப்பார்கள். அதோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அறுவைச் சிகிச்சை வார்டில் 27 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எவ்வளவு துடைத்தாலும் தரையில் கிருமி இருக்கும். அது தானாகக் கட்டில் ஏறாது, நாம்தான் ஏற்றிவிடுகிறோம்.

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், ஒரு பெரியவர். அவர் மகள் ராத்திரி கீழே விரித்துப் படுத்த பாயைச் சுருட்டி அப்பாவின் கால்மாட்டில் வைத்தாள். துண்டு கீழே விழுந்தது. எடுத்து உதறி, அதாலேயே அவர் வாயைத் துடைத்தாள். அப்புறம் தையல் கட்டின் ஓரத்தில் பிளாஸ்திரி பிரிந்திருந்ததை விரலால் அழுத்தப் போனாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “தரை பளிச்சுன்னுதானே இருக்கு சிஸ்டர்?” என்று அழுதுவிட்டாள். அவளிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை, நானும்தான். அன்றிலிருந்து அட்மிஷன் அன்றே சொல்லிவிடுவேன்.

கீழே விழுந்த துணி அழுக்குத் துணிதான், திரும்பக் கட்டிலுக்குப் போகக்கூடாது. போன், சார்ஜர் விழுந்தால் துடைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். சாக்ஸோடு பாத்ரூம் போய்வந்தவர் அதே சாக்ஸோடு படுக்கக்கூடாது. நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் சானிடைசரை நம்பாதீர்கள், சில கிருமிகளின் வித்து அதற்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான். விளக்குமாறால் பெருக்கவும் விடாதீர்கள், தூசி பறந்து புண்மேல் உட்காரும்.

‘தொற்று கையால்தானே பரவுகிறது, தரையை ஏன் இழுக்கிறீர்கள்’ என்று யாராவது கேட்பார்கள். கைக்கு அது எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வார்டில் துடைத்த அம்மாக்கள் எல்லாரும் காண்டிராக்ட். இரண்டு வார்டுக்கு ஒரே மாப். சம்பளம் மாதம் பாதி போன பிறகுதான் வரும். தரை அழுக்கென்றால் திட்டு மட்டும் உடனே வரும். மாப் வாங்கித்தரச் சொல்லி நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வந்ததில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

உங்கள் அறைக்கு வரும் அம்மாவிடம், “வாளித் தண்ணி மாத்தியாச்சாம்மா?” என்று அதட்டாமல் கேளுங்கள். நான் கேட்டு மாற்றாதவர் ஒருவர்கூட இல்லை.