போனில் ஒட்டும் சிக்னல் ஸ்டிக்கர்: வாங்கலாமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். பால்கனியில் 5ஜி நன்றாகக் கிடைக்கிறது. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் ஹாலில் பேசவே முடியவில்லை. ‘மெட்டாசர்ஃபேஸ் தொழில்நுட்பம்’ என்று சொல்லி, போனின் பின்பக்கம் ஒட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மெட்டாசர்ஃபேஸ் உண்மையான அறிவியல்தான். அந்த ஸ்டிக்கரால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

மெட்டாசர்ஃபேஸ் என்பது சின்னச் சின்ன உலோக வடிவங்களை வரிசையாகப் பதித்த மெல்லிய தகடு. ஒவ்வொரு வடிவமும் தன்மேல் விழும் அலையைச் சற்றுத் தாமதப்படுத்தி அனுப்பும். தாமதம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை படிப்படியாகக் கூடினால் அலையின் திசையே திரும்பிவிடும். பள்ளி விளையாட்டு விழா அணிவகுப்பில் ஒரு ஓரத்துப் பிள்ளைகள் குறுநடை போட, மறு ஓரத்தார் எட்டி நடக்க, வரிசை முழுவதும் திரும்புகிறதல்லவா, அப்படி. ஹார்வர்டில் இயற்பியலாளர் ஃபெடரிகோ கப்பாசோவின் குழுவினர் 2011-ல் இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்து, ஒளிவிலகலுக்கான ஸ்னெல் விதியை விரிவாக்கினார்கள்.

இப்போது அளவைப் பாருங்கள். நம் ஊரில் 5ஜி பெரும்பாலும் ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர். அலையைத் திருப்பப் பல அலைநீள அகலம் வேண்டும். அரை மீட்டராவது இருந்தால்தான் பலன் தெரியும். கட்டைவிரல் அகல ஸ்டிக்கரில் எதைத் திருப்புவது? மின்சாரமில்லாத தகடு சிக்னலுக்குப் புதிதாகச் சக்தி கொடுக்கவும் முடியாது. போதாததற்கு, ஆன்டெனா பக்கத்தில் உலோகத்தை ஒட்டினால் போனின் செயல்பாடு கெடவும் கூடும்.

உங்கள் கேள்வியிலேயே துப்பு இருக்கிறது: கதவு. வெயிலைத் தடுக்கும் ‘லோ-இ’ கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பூச்சு உண்டு. அது வெப்பத்தைத் திருப்பியனுப்பும்போது ரேடியோ அலையையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறது. 10 டெசிபெல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு. இத்தகைய கண்ணாடி 20, 30 டெசிபெல்கூடக் குறைத்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் பூச்சே வேண்டாம் என்று எந்தச் சென்னைவாசியிடம் சொல்வது? மெட்டாசர்ஃபேஸ் மீது எனக்கு நம்பிக்கை வருவது இந்த இடத்தில்தான். பூச்சில் மிக மெல்லிய கோடுகளைக் கட்டம் கட்டமாகக் கீறிவிட்டால் ரேடியோ அலை உள்ளே வரும், வெப்பம் பெரும்பாலும் வெளியிலேயே நிற்கும். ஜப்பானின் செல்போன் சேவை நிறுவனமான டோகோமோவும் கண்ணாடி நிறுவனமான ஏஜிசியும் 2020-ல், 28 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்காக ஒளி ஊடுருவும் மெட்டாசர்ஃபேஸைச் சோதித்துக் காட்டினார்கள்.

இன்றைக்குச் செய்யக்கூடியது: ஆண்ட்ராய்டு போன் என்றால் ‘சிம் ஸ்டேட்டஸ்’ பகுதியில் சிக்னல் அளவு டிபிஎம் (dBm) கணக்கில் தெரியும். ஹாலில் ஒரே இடத்தில் நின்று, கதவைத் திறந்தும் சாத்தியும் பாருங்கள். மைனஸ் 90 என்பது மைனஸ் 110-க்கு இறங்கினால், அதாவது 20 டெசிபெல் குறைந்தால், கண்ணாடிதான் காரணம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் டவருக்குப் பதில் வைஃபை வழியே பேசவைக்கும் ‘வைஃபை காலிங்’கை ஆன் செய்யுங்கள், பேச்சுப் பிரச்சினை அன்றே தீரும். அனுமதியில்லாமல் சிக்னல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்தார் சிக்னலையும் கெடுக்கும். அடுக்ககம் முழுக்க இதே தொல்லை என்றால், அசோசியேஷன் மூலம் செல்போன் நிறுவனத்திடம் கட்டடத்துக்குள் ஆன்டெனா வைக்கக் கேளுங்கள்.

ஒருவேளை கதவு சாதாரணக் கண்ணாடியாக இருந்து, மேலே சன் ஃபிலிம் மட்டும் ஒட்டியிருந்தால் வேலை இன்னும் சுலபம். உலோகம் கலந்த ஃபிலிமை உரித்துவிட்டு செராமிக் ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். வெயிலும் குறையும், சிக்னலும் வரும்.