கோமாளி மீன் முட்டை கறுத்துப்போனால் பயப்பட வேண்டுமா? (கேள்வி பதில்)

கேள்வி: சார், தொட்டியில் கோமாளி மீன் முட்டையிட்டு நான்கு நாள் ஆகிறது. ஆரஞ்சாக இருந்தவை கறுத்து வருகின்றன. கெட்டுவிட்டதா?

பதில்: நன்றாகத்தான் வளர்கின்றன. அந்த ஆரஞ்சு, மஞ்சள் கருவின் நிறம். அது கரைந்து கரு வளர வளர, உடலில் கருநிறமி படரும். அப்புறம் கண்கள் தெரியும். கண்ணில் வெள்ளி மினுமினுப்பு வந்துவிட்டால் பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. கெட்ட முட்டை வெளுத்துவிடும்.

கேள்வி: ஆண் மீன் முட்டைகளை வாயால் கவ்வுகிறதே, தின்கிறதா?

பதில்: பெரும்பாலும் சுத்தம் செய்கிறது. செத்த முட்டைகளைத் தின்றுவிடும், அதுவும் நல்லதுக்குத்தான்; இல்லையென்றால் பூஞ்சை பரவும். முதல்முறை முட்டையிட்ட ஜோடி மொத்தத்தையும் தின்பதும் உண்டு.

கேள்வி: எப்போது பொரிக்கும்?

பதில்: தண்ணீர் 27–28 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஏறக்குறைய 7, 8 நாளில், விளக்கை அணைத்த பிறகு. பகலில் காத்துக்கிடக்க வேண்டாம்.

கேள்வி: எல்லாக் கடல் மீன்களும் இப்படித்தானா, ஐயா?

பதில்: இல்லை. பெரும்பாலான கடல் மீன்கள் முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விட்டுவிடும். ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். வெப்பக் கடலில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். வெளியே வரும் லார்வாவுக்கு, அதாவது இளம் குஞ்சுக்கு, வாய் திறந்திருக்காது, கண்ணில் நிறமி இருக்காது. மஞ்சள் கரு நிறைந்த பையைச் சுமந்துகொண்டு மிதக்கும் அரைகுறை உயிர். அந்தப் பை தீர்வதற்குள் வாய் திறந்து இரை பிடிக்கப் பழக வேண்டும், பெரும்பாலானவை அங்கேயே தோற்றுவிடும். கோமாளி மீனோ அந்தப் பருவத்தை முட்டைக்குள்ளேயே முடித்துவிட்டு, 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில், பார்க்கும் கண்ணோடும் திறந்த வாயோடும் வருகிறது. வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடிவது இதனால்தான்.

கேள்வி: பொரிந்த அன்றே ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) கொடுத்தேன். எல்லாம் செத்துவிட்டன.

பதில்: அது அந்த வாய்க்குப் பெரிது. முதலில் ரோட்டிஃபர் என்ற மிக நுண்ணிய நீர்வாழ் உயிர்தான், அதுவும் பாசி தின்று கொழுத்த ரோட்டிஃபர். லார்வா தூரத்து இரையைத் தேடிப்போகாது, பக்கத்தில் இருந்தால்தான் பிடிக்கும். எனவே தண்ணீரில் இரை அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒரு வாரம் போல ஆன பிறகு, அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

கேள்வி: வெள்ளைப் பட்டை எப்போது வரும்? ஆண், பெண் தெரியுமா?

பதில்: இரண்டு வாரத்தையொட்டி பட்டைகள் தோன்றும், தலைப் பக்கத்தில் முதலில். அதோடு மேலே திரிவதை விட்டுக் கீழே இறங்கும். ஆண், பெண் தேட வேண்டாம், பிறவியிலேயே பெண் என்று ஒன்றும் கிடையாது. இரண்டைச் சேர்த்து வளர்த்தால் பெரியது பின்னாளில் பெண்ணாக மாறும்.