எஃப்.எம். என்றாலே சினிமாப் பாட்டும் அரட்டையும்தானே? சென்னையில் முன்பு வேறு மாதிரி இருந்ததா?

நீங்கள் 2006-க்குப் பிறகு ரேடியோ கேட்க ஆரம்பித்தவராக இருக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்திலேயே சென்னையில் ரேடியோ சிட்டி, பிக், ஹலோ, ஆஹா என்று வரிசையாக வந்து இறங்கின. அதற்கு முந்தியதை நீங்கள் கேட்டிருக்க வழியில்லை, உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் ஓட்டேரியில் இருபத்தெட்டு வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த எனக்கு இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

இந்தியாவிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு நம் சென்னையில்தான் நடந்தது. 1977 ஜூலை 23, ஆகாசவாணி. கேட்கத்தான் ஆளில்லை. வீட்டில் இருந்த பெட்டிகளில் மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான். எஃப்.எம். உள்ள செட் என்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவந்த டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி. 1993-க்குப் பிறகு ஆகாசவாணி தன் எஃப்.எம். நேரத்தைப் பிரித்துத் தனியாருக்கு விற்றது. அதன் பிறகுதான் ஜனங்கள் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "இதுல எஃப்.எம். வருமா?"

வராது. ஐ.எஃப். என்பது வருகிற சிக்னலைப் பெட்டி தனக்குள் மாற்றி எடுத்துக்கொள்கிற இடைநிலை அலைவரிசை. மீடியம் வேவுக்கு அது 455 கிலோஹெர்ட்ஸ், எஃப்.எம்.முக்கு 10.7 மெகாஹெர்ட்ஸ். முள்ளை நகர்த்தினால் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. எஃப்.எம். போர்டு ஒன்று தனியாக வாங்கி, பெட்டிக்குள் இடம் பார்த்து உட்கார வைத்து, ஸ்பீக்கருக்கு இணைப்பு கொடுக்க வேண்டும்.

1996 வாக்கில் எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் தன் பழைய இரண்டு பேண்டு செட்டைக் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றினால் உள்ளே முழுக்க மாவுத் தூசி, வால்யூம் கண்ட்ரோலில் எண்ணெய்ப் பிசுக்கு. பிரஷ் போட்டுத் துடைக்கவே அரை நாள் ஆனது. பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் போர்டைப் பொருத்தினேன். ஏரியலுக்கு ஒரு முழம் ஒயரை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். "பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருக்குடா தம்பி" என்று அன்றைக்குக் கூலியோடு நாலு இட்லியும் கட்டிக் கொடுத்தார்.

2003-ல் சூரியன், மிர்ச்சி என்று தனியார் நிலையங்களே வந்தன. இருபத்து நாலு மணி நேரமும் பாட்டு. கொஞ்ச நாளில் அந்த அக்கா மறுபடியும் செட்டோடு வந்து நின்றார். "பாட்டெல்லாம் நல்லாத்தான் போடுறான். யாரு எழுதுனது, யாரு பாடுனதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான். எனக்கு அந்தப் பழைய 783-ஐயே சரி பண்ணிக் குடு."

783 என்பது அப்போது மீடியம் வேவில் ஆகாசவாணியின் விவித பாரதி. அதில் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அக்கா, எந்தப் பாட்டு மருதகாசி, எந்தப் பாட்டு கண்ணதாசன் என்று பிரித்துச் சொல்வார். எல்லாம் காதால் கற்றது. நீங்கள் கேட்ட "முன்பு எப்படி இருந்தது" என்பதற்கு என் பதில் இதுதான்.

பழசையே கட்டிக்கொண்டு அழுகிற ஆள் என்று யாராவது கீழே எழுதுவார்கள். அப்படி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தனியார் எஃப்.எம்.களும் உதவி கேட்டவர்களின் தகவலை ஓயாமல் சொன்னார்கள், அதை மறக்க மாட்டேன். ரசனை கெட்டதால் இப்படி ஆனது என்பதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. அரசு ஏலத்தில் எடுத்த முதல் சுற்றுத் தனியார் நிலையங்களுக்கு லைசென்ஸ் கட்டணம் வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போனது, வருமானம் வந்தாலும் வராவிட்டாலும். 2005-ல்தான் அதை மாற்றி, வருமானத்தில் 4 சதவீதம் என்று கொண்டுவந்தார்கள். சொந்தமாகச் செய்தி சொல்லவும் அனுமதி கிடையாது. கட்டணத்தைக் கட்டியாக வேண்டும், செய்தியும் போடக் கூடாது என்றால் விளம்பரம் கொண்டுவருகிற சினிமாப் பாட்டைத் தவிர வேறு எதைப் போடுவார்கள்? சென்னை லைவ் 104.8 பேச்சுக்கென்றே ஆரம்பித்த நிலையம். அதுவும் பிறகு ஆங்கிலப் பாட்டுக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் விட எனக்கு ஆத்திரம் செல்போன் விஷயத்தில்தான். போன வருஷம் என் பையன் நல்ல விலை கொடுத்து ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். எஃப்.எம். இல்லை. ஹெட்போன் மாட்ட ஓட்டையே இல்லை. அந்த ஒயர்தானய்யா ஏரியல்! சர்வீஸ் சென்டரில் கேட்டால், "ஆப் போட்டுக்கோங்க அங்கிள், நெட்லயே கேக்கலாம்" என்கிறான் அங்கே வேலை பார்க்கிற பையன். வெள்ளத்தில் டவர் விழுந்தால் நெட் எங்கே வரும்? போனில் எஃப்.எம்.மை முடக்காதீர்கள் என்று 2023-ல் மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. அதைச் சொன்னேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டான்.