கோத்தகிரி கடைகளில் எல்லாமே நாமக்கல் முட்டையாக இருப்பது ஏன், நாட்டில் முட்டை உண்மையிலேயே பெருகியிருக்கிறதா?

பெருகியிருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. 2014-15ல் இந்தியா முழுக்க சுமார் 7,848 கோடி முட்டை, 2023-24ல் 14,277 கோடி. தலைக்கு ஆண்டுக்கு அறுபது சொச்சமாக இருந்தது 103 ஆகிவிட்டது. ஆனால் இது உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்த கணக்கு, எல்லார் தட்டிலும் விழுந்தது என்று அர்த்தமில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது 180.

இந்தப் பெருக்கம் பண்ணைக் கோழியால் வந்தது. அது வருடத்துக்கு முந்நூறு முட்டை வரை இடும், நாட்டுக்கோழியோ இருபது நாள் இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். எங்கள் வீட்டுக் கோழி விறகுக் கொட்டகையில் கார்த்திகைக் குளிரில் இறகைச் சிலுப்பிக்கொண்டு நிற்குமே தவிர ஒரு முட்டை தராது, பகல் குறைந்தால் கோழிக்கு முட்டையும் குறையும், பண்ணையில் அதற்குத்தான் விளக்குப் போடுகிறார்கள். மிச்சத்தை கீரி பார்த்துக்கொள்ளும்!

சரி, மலையில் பண்ணை வைத்தால் என்ன? செலவில் பெரும்பங்கு தீவனம். மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றுவதைவிட, முட்டையை முப்பது முப்பதாக அட்டையில் அடுக்கி ஏற்றுவது மலிவு. இப்போது எத்தனாலுக்கும் மக்காச்சோளம் போவதால் தீவன விலை வேறு ஏறுகிறது. புரட்டாசியில் விலை இறங்கும், அப்போது ரெண்டு அட்டையாக வாங்கிவிடுங்கள், நம் குளிருக்கு ஃபிரிட்ஜே வேண்டாம்.