மகன் 18 கிலோ குறைத்திருக்கிறான், படம் போடுவீர்களா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தபோது 84 கிலோ இருந்தான். நான்கே மாதத்தில் 66-க்கு வந்துவிட்டான். உயரம் 165 செ.மீ., அப்படியேதான் இருக்கிறது. காலையில் நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, பால் சேர்க்காத காபி. மதியம் இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் கோழி. மாலையில் இரண்டு மணி நேரம் ஜிம், வந்ததும் புரோட்டீன் பவுடர். இரவு வெள்ளரியும் கேரட்டும் மட்டும். சோற்றைத் தொடுவதே இல்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், பாராட்டு குவிந்துவிட்டது. உங்கள் இதழிலும் போட்டால் மற்ற பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும். இன்னும் 8 கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறேன். 12 வயது மகளும் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பதால் அவளுக்கும் இதே டயட்டைத் தொடங்கப் போகிறேன். - பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: படத்தைப் போட மாட்டோம். இன்னும் 8 கிலோ குறைக்க வேண்டாம். மகளுக்கு இந்த டயட் வேண்டவே வேண்டாம்.

உங்கள் மகனுக்குச் சேர வேண்டிய பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 165 செ.மீ. உயரத்துக்கு 84 கிலோ அதிகம்தான். அந்த எடையில் கல்லீரலில் கொழுப்பு படிவதும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுவதும் இந்த வயதிலேயே தொடங்கிவிடும். பல பிள்ளைகளுக்குப் பின்கழுத்து கறுத்து, தோல் தடித்துவிடும். வீட்டில் அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. எடை குறைந்தால் அதுவும் மங்கும். ஒரு பையன் தின்பண்டங்களை விட்டு, தினமும் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்கிறான் என்றால் அது பெரிய காரியம். தாராளமாகப் பெருமைப்படுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் பெருமை முழுக்க எடை மெஷின் காட்டும் எண்ணைப் பற்றியே இருக்கிறது. அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. களைப்பாக இருக்கிறானா, தூங்குகிறானா, நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறானா?

18 கிலோவை 17 வாரத்தில் வகுத்தால் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். வளரும் பிள்ளைக்கு எடை குறைத்தே ஆக வேண்டும் என்றாலும் மருத்துவர்கள் பொதுவாக வாரத்துக்கு அரை கிலோ அளவில்தான் நிறுத்துவார்கள். ஒரு கிலோ என்பது மிக அதிக எடையுள்ள பிள்ளைகளுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், மேல் வரம்பு.

நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டினால் 800 முதல் 900 கலோரிதான் தேறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட பட்டியல்படி 13 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒரு நாள் தேவை 2,860 கலோரி. எடை குறைக்கிறவன் அதில் 500 குறைக்கலாம், 2,000 குறைக்கக் கூடாது. முதல் நாளிலிருந்தே இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டிருக்க மாட்டான். முதலில் பஜ்ஜி, பிறகு சோறு, பிறகு இரவுச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கும். அப்படிக் கழன்றுகொண்டே போவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

புரதம் மட்டும் இந்தப் பட்டியலில் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அவன் வயதுக்கு நாளைக்குச் சுமார் 45 கிராம் போதும், 75 கிராமுக்குக் குறையாமல் போகிறது. ஆனால் மொத்தக் கலோரி இவ்வளவு குறைந்தால் உடம்பு அந்தப் புரதத்தையே அடுப்பில் போட்டு எரிக்கும். போதாததற்குத் தசையையும் கரைக்கும். மெஷினில் குறைந்த 18 கிலோவும் கொழுப்பு அல்ல. தசையும் அதில் போயிருக்கும்.

சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். பாலில்லை, தயிரில்லை, கேழ்வரகில்லை, கீரையுமில்லை. எலும்பின் வலு பெரும்பகுதி சேர்வது இந்த வயதுகளில்தான். பின்னால் மாத்திரை போட்டு முழுதாக ஈடு செய்ய முடியாது.

உயரம் மாறவில்லை என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். 15 வயதில் பெரும்பாலான பையன்களுக்கு வளர்ச்சி மிச்சம் இருக்கும், நான்கு மாதத்தில் ஒரு சென்டிமீட்டராவது கூடலாம். செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தைக் கிடையாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே காலை நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். கோடு நகரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான். நகர்ந்தால் உங்களுக்குக் கூடுதல் லாபம்: இதே 66 கிலோவில் அவன் 170 செ.மீ. உயரத்தை எட்டினால், பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 24.2-லிருந்து 22.8-க்குத் தானாக இறங்கிவிடும். அந்த 8 கிலோவைக் குறைக்கும் வேலையின் ஒரு பகுதியை உயரமே செய்துவிடும். அதற்குச் சோறு போட வேண்டும். ஒன்று கவனியுங்கள், பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. எல்லையை வைத்து நீங்களே முடிவுகட்டாதீர்கள். 5 முதல் 18 வயதுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடம் இருக்கிறது, அதில்தான் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டியது, அவன் கண் விழித்ததும், படுக்கையிலிருந்து எழும் முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணுவது. 50-க்குக் கீழே இருந்தால் 'ஜிம் போகிற பையன், அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். வேகமாக எடை குறைந்த பிள்ளைக்கு அது இதயம் சிக்கனம் பிடிக்கும் அறிகுறியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எழுந்து நின்றதும் தலைசுற்றல், மற்றவர்களுக்கு வியர்க்கும்போது இவனுக்குக் குளிர்வது, மலச்சிக்கல், சீப்பில் கொத்தாக முடி ஆகியவற்றையும் பாருங்கள். முடி உடனே கொட்டாது, பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்தே கொட்டும். அதனால் ஷாம்பூவைக் குறை சொல்லி நாளைக் கடத்துகிறவர்கள் நிறைய. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது, வீட்டாரோடு உட்காராமல் 'அப்பவே சாப்பிட்டுட்டேன்' என்பது, ஒரு நாள் ஜிம் தவறினால் எரிந்து விழுவது, இவையும் அதே வரிசைதான். உணவு உண்ணும் கோளாறு பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதல்ல. குண்டாக இருந்த பையனுக்கு வரும்போது ஊரே கைதட்டுவதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், 15 வயதுக்கு அவர்தான் சரியான ஆள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், வைட்டமின் டி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி. ஆகியவற்றைக் கேளுங்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலே அவன் ஒதுங்குகிறான் என்றால் 14416-ஐ அழைக்கலாம், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

சாப்பாட்டை மாற்றுவது கடினமில்லை. முட்டையின் மஞ்சள்கருவைத் தூக்கி எறிய இந்த வயதில் காரணமே கிடையாது. இரும்பும் வைட்டமின் டி-யும் பி12-ம் அதில்தான் இருக்கின்றன. காலையில் மூன்று இட்லி, சாம்பார், இரண்டு முழு முட்டை. மதியம் ஒன்றரைக் கப் சோறு, கெட்டியான பருப்போ மீனோ கோழியோ, ஒரு பொரியல், கீரை, ஒரு கிண்ணம் தயிர். ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமும் சுண்டலும். இரவு மூன்று சப்பாத்தியோ தோசையோ, பருப்பு அல்லது பன்னீர். நாளில் இரண்டு டம்ளர் பால். எடுத்ததும் முழு அளவுக்குப் போக வேண்டாம், வாரத்துக்கு ஒரு வேளையாகக் கூட்டிக்கொண்டே போங்கள், வயிறு உப்பாது. முதல் பத்து நாளில் மெஷின் ஒன்றிரண்டு கிலோ ஏறிக் காட்டும். தசையில் மாவுச்சத்து சேரும்போது கூடவே தண்ணீரும் சேரும், அவ்வளவுதான். பையன் பயந்து மறுபடி பட்டினி கிடப்பது இந்த இடத்தில்தான். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மெஷினையும் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். நிறுத்தி வைக்க வேண்டியவை பாட்டில் குளிர்பானமும் பேக்கரியும்தான். 300 மில்லி கோலாவில் ஆறேழு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. வீடு முழுக்க நிறுத்துங்கள், அவனுக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டாம்.

பவுடர் தேவையில்லை. அந்தப் பணத்தில் முட்டையும் பாலும் தாராளமாக வரும். ஜிம்மில் 'கொழுப்பைக் கரைக்கும்' மாத்திரையோ ஊசியோ தருகிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசி எலும்பின் வளர்ச்சி முனைகளைச் சீக்கிரமே மூடிவிடும், அதோடு உயரம் நின்றுவிடும். எடை தூக்குவதால் உயரம் நிற்கும் என்பது மட்டும் தவறான பயம். சரியான முறையில், வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 10 முதல் 15 முறை தூக்கக்கூடிய எடையில் செய்தால் நல்லதே. 15 முறை சுலபமாக வந்த பிறகு 5 முதல் 10 சதவீதம் ஏற்றலாம். அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று பார்க்கும் போட்டி கூடாது. மற்ற நாட்களில் கபடி, ஷட்டில், சைக்கிள் என்று ஒரு மணி நேரம் ஆடட்டும். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

படத்துக்கு வருகிறேன். பழைய படம், புதிய படம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, பழைய உடம்பு வெட்கப்பட வேண்டியது என்று அவனுக்குச் சொல்கிறீர்கள். வேகமாகக் குறைந்த எடை திரும்ப ஏறுவது சகஜம். பசியைத் தூண்டும் சுரப்பு கூடியிருக்கும், உடம்பு செலவைச் சுருக்கியிருக்கும். அப்போது ஐந்து கிலோ ஏறினால், கைதட்டிய அதே குழுவின் முன் அவன் எப்படி நிற்பான்? படத்தை நீக்கிவிடுங்கள். 'பந்தை எவ்வளவு நேரம் விரட்டுறே, மூச்சே வாங்கலையே' என்று அவன் செய்வதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னை உலுக்கியது. பெண் பிள்ளைக்கு 11, 12 வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது பருவமடைவதற்கான இயல்பான ஏற்பாடு. அந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், வந்தது நின்றும் போகும். அவளுக்கு நாளைக்கு 28 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை, அண்ணனைவிட அதிகம். பட்டினி போட்டால் கிடைக்கப்போவது ரத்தசோகை. அவளையும் அதே மருத்துவரிடம் காட்டி, வரைபடத்தில் அவள் புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. அவள் காதுபட எடையைப் பற்றிப் பேசுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள், பாட்டியையும் அத்தையையும் சேர்த்து.